லேப்டாப் ஹார்ட் டிஸ்க் திடீர்னு போயிடுச்சா? முதல்ல ஆஃப் பண்ணுங்க

நேத்து ராத்திரி வரைக்கும் ஒழுங்கா ஓடின லேப்டாப், காலைல ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன்ல பூட் டிவைஸ் எதுவும் கிடைக்கலன்னு ஒரே ஒரு வரி காட்டிட்டு அப்படியே நிக்குது. இல்லன்னா விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்து வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, உள்ள இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம் வேற. அந்த நிமிஷத்துல நெஞ்சு பதறும், கை சும்மா இருக்காது, மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பாக்கத் தோணும், யாரோ வீடியோல சொன்னது எல்லாத்தையும் வரிசையா ட்ரை பண்ணத் தோணும். தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. பவர் பட்டனை அழுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணுங்க, சார்ஜரைக் கழட்டுங்க, மூடி வைங்க, போய் ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. டிஸ்க் கெட்டதால போற டேட்டா ஒரு பக்கம், கெட்டதுக்கு அப்புறம் முதல் ஒரு மணி நேரத்துல பதட்டத்துல நாமளே கெடுத்துக்கிற டேட்டா இன்னொரு பக்கம், இந்த ரெண்டாவது வகையை முழுசா தடுக்கலாம், அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

ஏன் ஆஃப் பண்ணச் சொல்றேன்னு புரிஞ்சா கை தானா அடங்கிடும். பழைய வகை ஹார்ட் டிஸ்க் உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு தட்டுங்க இருக்கும், லேப்டாப்ல வர்றது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து, அதாவது ஒரு செகண்டுக்கு 90 சுத்து. அந்தத் தட்டு மேல டேட்டாவைப் படிக்கிற ஹெட், தட்டைத் தொடாம சில நானோமீட்டர் உயரத்துல காத்துல மிதந்துக்கிட்டே ஓடும், மனுஷத் தலைமுடியோட தடிமன் அந்த இடைவெளியை விட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். லேப்டாப் கீழ விழுந்தோ, வயசாகியோ அந்த ஹெட் கெட்டுப் போய் தட்டைத் தொட ஆரம்பிச்சா, டேட்டா எழுதி வெச்சிருக்கிற காந்தப் பூச்சையே சுரண்டி எடுத்துடும். சுரண்டின தூள் மத்த இடத்துக்கும் பறக்கும், அங்கயும் கீறும். அப்படி சுரண்டுன இடத்துல இருந்த போட்டோவை உலகத்துல எந்த டேட்டா ரெக்கவரி லேப்பாலயும் திரும்பக் கொண்டு வர முடியாது. நீங்க ஆன் பண்ணி வெச்சுக்கிட்டு "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்"னு காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இந்த வேலை நடந்துக்கிட்டு இருக்கலாம்.

முதல்ல என்ன மாதிரி பிரச்சனைன்னு தெரிஞ்சுக்கணும்

ஆஃப் பண்ணியாச்சா, இப்ப நிதானமா யோசிங்க, கடைசியா என்ன நடந்துச்சு? கீழ விழுந்துச்சா, தண்ணி பட்டுச்சா, கரண்ட் போய் வந்துச்சா, சில நாளாவே ஃபோல்டர் தொறக்க லேட் ஆச்சா, காப்பி பண்ணும் போது நடுவுல நின்னு நின்னு போச்சா? சத்தம் ரொம்ப முக்கியமான சாட்சி. சீரா டிக் டிக்னு திரும்பத் திரும்ப வந்தா ஹெட் தட்டுல இருக்கிற வழிகாட்டுக் குறியைப் படிக்க முடியாம தன் இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி முயற்சி பண்ணுதுன்னு அர்த்தம். பீப் பீப்னு மெல்லிசா வந்தா, ஹெட் தட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கலாம், இல்ல மோட்டார் சுத்த முடியாம திணறலாம். கரகரன்னு சுரண்டுற சத்தம் வந்தா அது தான் மோசம். இந்த மூணுல எது வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரா லேப் பத்தி எழுதியிருக்கிற இடத்துக்குப் போயிடுங்க, நடுவுல இருக்கிற சாஃப்ட்வேர் கதை உங்களுக்கு இல்ல.

சத்தம் எதுவும் இல்லன்னா, ஒரே ஒரு தடவை ஆன் பண்ணி பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்க்ரீன்) உள்ள போய்ப் பாருங்க, கம்பெனியைப் பொறுத்து எஃப்2, டெலிட், எஃப்10, எஸ்கேப் இதுல ஏதாவது ஒரு கீ. அங்க டிஸ்க் பேரும் சைஸும் சரியா தெரியுதா? தெரிஞ்சா டிஸ்க் உயிரோட தான் இருக்கு, விண்டோஸ் ஃபைல் கெட்டிருக்கலாம், பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க்கை எப்படிப் பிரிச்சிருக்குங்கற குறிப்பு) குழம்பியிருக்கலாம், இல்ல சில செக்டர் (டேட்டா எழுதுற சின்னச் சின்ன கட்டம்) மட்டும் போயிருக்கலாம், இது எல்லாமே நம்பிக்கை வைக்கக் கூடிய நிலைமை. பேரே வரலன்னாலும் உடனே மனசு உடைய வேண்டாம், டிஸ்க்கை போர்டோட இணைக்கிற மெல்லிசான கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும், லேப்டாப் தொறந்து பழக்கம் இருக்கிறவங்க பேட்டரியைத் துண்டிச்சிட்டு கேபிளைக் கழட்டி மறுபடி மாட்டிப் பாக்கலாம். சில லேப்டாப்ல பூட் பண்ணும் போதே டயக்னாஸ்டிக்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல குவிக் டெஸ்ட் மட்டும் போதும், மணிக்கணக்கா ஓடுற முழு டெஸ்ட்டை சாகக் கிடக்கிற டிஸ்க் மேல ஓட விடாதீங்க, அந்த உழைப்பை டேட்டா எடுக்கறதுக்குச் செலவழிச்சா பிரயோஜனமாவது இருக்கும்.

பண்ணவே கூடாதது

விண்டோஸ் சில நேரம் தானாவே டிஸ்க்கை ஸ்கேன் பண்ணி சரி பண்றேன்னு கேக்கும், கேன்சல் பண்ணுங்க. செக் டிஸ்க் கமாண்ட் நல்ல டிஸ்க்ல ஃபைல் சிஸ்டம் குழம்பினா சரி பண்றதுக்காக இருக்கிறது, கெட்டுக்கிட்டு இருக்கிற டிஸ்க்ல அதை ரிப்பேர் ஆப்ஷனோட ஓட்டுனா, படிக்க முடியாத இடத்தை எல்லாம் திரும்பத் திரும்ப இடிக்கும், அதோட நிக்காம டிஸ்க் மேலயே எழுதவும் செய்யும், கடைசில உங்க ஃபோல்டர் எல்லாம் போய் பேரு ஊரு தெரியாத துண்டு ஃபைல்கள் தான் மிஞ்சும். "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும்"னு பெட்டி வந்தாலும், டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டாலும், மேக்ல படிக்க முடியலன்னு காட்டி இனிஷியலைஸ்னு ஒரு பட்டன் நீட்டினாலும், பதில் ஒண்ணு தான், வேண்டாம். விண்டோஸை ரீ-இன்ஸ்டால் பண்ணா சரியாயிடும்னு ஒருத்தர் சொல்லுவாரு, விண்டோஸ் சரியாகலாம், ஆனா உங்க ஃபைல் இருந்த இடத்து மேலயே அது எழுதிட்டுப் போயிருக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேரை டவுன்லோட் பண்ணி அதே டிஸ்க்லயே இன்ஸ்டால் பண்றதும் அதே கதை தான்.

ஃப்ரீசர்ல வைக்கிற வித்தை இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, அதைப் பத்தி கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், செய்யாதீங்க. குளிர்ல இருந்து வெளிய எடுத்த உடனே ஈரம் படியும், தட்டு மேல ஈரம் பட்டுச்சுன்னா நானோமீட்டர் உயரத்துல ஓடுற ஹெட் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. தட்டுறது, குலுக்குறதும் அப்படித்தான். மூடியைத் தொறந்து பாக்கறது அதை விட மோசம், கண்ணுக்குத் தெரியாத தூசி கூட அந்த இடைவெளிக்கு முன்னாடி பாறை, அதனால தான் லேப்ல வடிகட்டின காத்து ஓடுற க்ளீன் ரூம்ல வெச்சுத் தொறக்கறாங்க. அதே மாடல் டிஸ்க் இன்னொண்ணு வாங்கி, டிஸ்க்கோட ஒட்டியிருக்கிற பச்சை சர்க்யூட் போர்டை மட்டும் மாத்திட்டா போதும்னு சொல்றது ரொம்ப பழைய டிஸ்க்குக்கு வேணா நடந்திருக்கும். இப்ப வர்றதுல ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியா அளந்து வெச்ச கேலிப்ரேஷன் விவரம் அந்த போர்டுல இருக்கிற சிப்ல எழுதியிருக்கும், அதையும் சேத்து மாத்தாம போர்டை மட்டும் மாத்துனா வேலை செய்யாது.

ரெக்கவரிக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க

இதை நிறைய பேரு தாண்டிப் போயிடுறாங்க, ஆனா பாதிப் பதட்டம் இதுலயே குறையும். அந்த டிஸ்க்ல மட்டுமே இருந்தது என்னன்னு எழுதுங்க, வேற எங்கயாவது இருக்க வாய்ப்பு இருக்கிறதைத் தனியா எழுதுங்க. விண்டோஸ்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு யூஸ் பண்ணியிருந்தா டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூணும் உங்களுக்கே தெரியாம ஒன்டிரைவ்ல ஏறியிருக்கலாம், போன்ல இருந்து லாகின் பண்ணிப் பாருங்க. அனுப்பின மெயில்ல அட்டாச்மென்ட் இருக்கும், தீசிஸ் எழுதுறவங்க கைடுக்கு அனுப்பின கடைசி வெர்ஷன் அங்க தான் கிடக்கும். வாட்ஸப்ல யாருக்கோ அனுப்பின பிடிஎஃப், ஆஃபீஸ் க்ரூப்ல போட்ட எக்செல், சொந்தக்காரங்க போன்ல இருக்கிற விசேஷ போட்டோ, பழைய லேப்டாப், டிராயர்ல மறந்து போன பென் டிரைவ், கேமராவோட மெமரி கார்டு, எல்லாத்தையும் தேடுங்க. மெமரி கார்டுல அழிச்சிருந்தாலும் மேல புதுசா எழுதலன்னா எடுக்க வாய்ப்பு உண்டு, அதனால அதை கேமரால போட்டு புதுசா படம் எடுக்காதீங்க. க்ளவுட்ல அழிச்சது கூட உடனே போயிடாது, கூகுள் டிரைவ் ட்ராஷ்ல 30 நாள், கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன படம் 60 நாள், சொந்த ஒன்டிரைவ் அக்கவுண்ட் ரீசைக்கிள் பின்ல 30 நாள் வரைக்கும் இருக்கும். ப்ரவுசர்ல அக்கவுண்ட் போட்டு சிங்க் ஆன் பண்ணியிருந்தா பாஸ்வேர்டும் புக்மார்க்கும் புது மெஷின்ல தானா வந்துடும்.

இப்படி தேடி முடிச்சதும் மிஞ்சுற லிஸ்ட் சில நேரம் ஆச்சரியமா சின்னதா இருக்கும். அந்த சின்ன லிஸ்ட் தான் அடுத்த முடிவை எடுக்கும். அதுல ஈடே இல்லாத ஒண்ணு இருந்தா, இறந்து போனவங்க குரல், குழந்தையோட முதல் வருஷப் படம், அஞ்சு வருஷ ரிசர்ச் டேட்டா, இப்படி ஏதாவது, சத்தம் வராத டிஸ்க்கா இருந்தாலும் நீங்களே கை வைக்காம லேப்ல கொடுக்கறது தான் என் கருத்து. போனாலும் தாங்கிக்கலாம்ங்கற சரக்குன்னா கீழ சொல்றதைத் தாராளமா செஞ்சு பாருங்க.

நீங்களே எடுக்கப் போறீங்கன்னா

மந்திரம் ஒண்ணு தான். முதல்ல டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கணும், ரெக்கவரி வேலை எல்லாத்தையும் நகல் மேல தான் செய்யணும். கெட்ட டிஸ்க்கை ஒரே ஒரு தடவை முழுசா படிக்க வெச்சிட்டு ஓய்வு கொடுத்துடணும், ரெக்கவரி சாஃப்ட்வேர் நாலு மாத்தி மாத்தி ஓட்டினாலும் அது நகலைத்தான் துருவணும்.

தேவையானது: வேலை செய்ற இன்னொரு கம்ப்யூட்டர், கெட்ட டிஸ்க்கோட சைஸுக்குக் கொறையாத காலி டிஸ்க் ஒண்ணு, லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவ்ல இருந்து நேரா ஓடுற லினக்ஸ்) போட்ட பென் டிரைவ். டிஸ்க்கை லேப்டாப்ல இருந்து கழட்ட முடிஞ்சா சாட்டா (டிஸ்க்கை மாட்டுற வழக்கமான இணைப்பு) டு யூஎஸ்பி அடாப்டர், சின்னப் பட்டை மாதிரி இருக்கிற எம்.2 வகைன்னா அதுக்குன்னு இருக்கிற என்க்ளோஷர், அதுலயும் சாட்டா வகை, என்விஎம்இ வகைன்னு ரெண்டு இருக்கு, பாத்து வாங்கணும். முடிஞ்சா யூஎஸ்பிக்குப் பதிலா டெஸ்க்டாப்ல நேரா சாட்டா போர்ட்ல மாட்டுங்க, கெட்ட செக்டர்ல டிஸ்க் திணறும் போது யூஎஸ்பி அடாப்டர் நடுவுல தொடர்பையே விட்டுடும். லைவ் லினக்ஸ்ல சிஸ்டம்ரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி வேலைக்கே செஞ்சது, நகல் எடுக்கிற டிடிரெஸ்க்யூவும் (ddrescue), தொலைஞ்ச பார்ட்டிஷனைத் தேடுற டெஸ்ட்டிஸ்க்கும் (TestDisk) உள்ளயே இருக்கும். உபுண்டு வெச்சும் செய்யலாம், அதுல இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ் பேரு ஜிடிடிரெஸ்க்யூ (gddrescue), ஓட்டுற கமாண்ட் பேரு வெறும் டிடிரெஸ்க்யூ, இது தெரியாம பல பேரு குழம்பியிருக்காங்க. உபுண்டுல ஃபைல் மேனேஜர்ல தெரியுற கெட்ட டிஸ்க் ஐகானை க்ளிக் பண்ணித் தொறக்காதீங்க.

டிடிரெஸ்க்யூ ஏன் இவ்வளவு நல்லதுன்னா, சாதாரண காப்பி மாதிரி கெட்ட இடம் வந்தா அங்கயே முட்டிக்கிட்டு நிக்காது, தாண்டிப் போய் நல்ல இடத்தை எல்லாம் முதல்ல அள்ளிக்கும், அப்புறம் தான் திரும்பி வந்து விட்டுப் போன இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டும். டிஸ்க் பாதில செத்தாலும் அதுக்குள்ள பெரும்பகுதி வெளிய வந்திருக்கும். கமாண்ட்ல முதல்ல வர்றது சோர்ஸ், ரெண்டாவது நகல் போற இடம், மூணாவது மேப் ஃபைல். மேப் ஃபைலைக் கொடுக்காம ஓட்டாதீங்க, எது எது எடுத்தாச்சுன்னு அது தான் ஞாபகம் வெச்சுக்கும், நடுவுல நிறுத்தினாலும், கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும், அந்த மேப் ஃபைலை பென் டிரைவ் மாதிரி நிலையான இடத்துல வைங்க, லைவ் லினக்ஸோட மெமரில வெச்சா ரீஸ்டார்ட்ல போயிடும். சோர்ஸும் டெஸ்டினேஷனும் மாறிப் போச்சுன்னா காலி டிஸ்க்கை உங்க டேட்டா மேல எழுதிடுவீங்க, அதனால மாட்டியிருக்கிற டிஸ்க்கை எல்லாம் லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்ட் போட்டு சைஸையும் மாடல் பேரையும் பாத்து, பேப்பர்ல எழுதி வெச்சு, பக்கத்துல இன்னொருத்தரையும் படிக்கச் சொல்லி, அப்புறம் என்டர் தட்டுங்க. இதுல அவசரமே கூடாது.

முதல் சுத்துல சுரண்டுற கட்டத்தை விட்டுடச் சொல்ற ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டு ஓட்டுங்க, நல்ல பகுதி எல்லாம் வந்ததும் ரெண்டாவது சுத்துல அதை எடுத்துட்டு, மூணு தடவை மறுமுயற்சின்னு வெச்சு ஓட்டலாம். நல்ல டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல படிச்சா 1 டிபி முடிய மூணு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், கெட்ட டிஸ்க்குக்கு நாள் கணக்காகலாம், பொறுமையா விடுங்க. டிஸ்க் சூடானா ஒரு ஃபேனை அது மேல காத்து படுற மாதிரி வைங்க. நடுவுல டிக் சத்தம் ஆரம்பிச்சாலோ, வேகம் கேபிக்கு இறங்கி அப்படியே மணிக்கணக்கா நின்னாலோ நிறுத்திடுங்க, அதுக்கு மேல அது லேப் வேலை.

ஒரு விதிவிலக்கு சொல்லணும். லேப்டாப் இன்னும் பூட் ஆகுது, ரொம்ப ஸ்லோவா இருந்தாலும் ஃபோல்டர் தொறக்குது, உங்களுக்கு வேணும்ங்கறது ரெண்டு ஜிபி டாக்குமென்ட் தான்னா, முழு நகலுக்கு முன்னாடி அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க. 900 ஜிபி சினிமாவைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள டிஸ்க் உயிரை விட்டுட்டா அந்த ரெண்டு ஜிபியும் போயிடும். காப்பி ஒரு ஃபைல்ல முட்டி நின்னா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

நகல் கைக்கு வந்ததும் மூச்சு விடலாம். அதை நல்ல கம்ப்யூட்டர்ல மாட்டினா பல நேரம் ஃபோல்டர் எல்லாம் அப்படியே தொறக்கும். தொறக்கலன்னா டெஸ்ட்டிஸ்க் வெச்சு தொலைஞ்ச பார்ட்டிஷனைத் தேடலாம், அதுவும் முடியலன்னா போட்டோரெக். போட்டோரெக் ஃபைலோட உள்ளடக்கத்துல இருக்கிற அடையாளத்தை வெச்சு தேடி எடுக்கும், அதனால ஃபைல் பேரு, ஃபோல்டர் எதுவும் இருக்காது, ஆயிரக்கணக்குல பேரில்லாத படங்களைக் கொண்டு வந்து கொட்டும், துண்டு துண்டா சிதறிக் கிடந்த பெரிய வீடியோ சரியா ஓடாமலும் போகலாம். ரெண்டும் இலவசம். காசு கொடுத்து வாங்குறதுல ஆர்-ஸ்டுடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் மாதிரி சிலது டெமோலயே என்னென்ன கிடைக்கும்னு லிஸ்ட் காட்டும், லிஸ்ட்டைப் பாத்துட்டு வாங்குங்க. எடுக்கிற ஃபைலை எப்பவும் மூணாவது ஒரு டிஸ்க்ல போடுங்க, நகல் மேலயே போட்டுடாதீங்க.

என்க்ரிப்ஷன் இருந்தா இன்னொரு படி. விண்டோஸ் 11 லேப்டாப் பலதுல நீங்க கேக்காமலே டிஸ்க் பூட்டியிருக்கும், கழட்டி வேற மெஷின்ல மாட்டினா பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். பயப்படாதீங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிவைஸஸ் பகுதில பாருங்க, ஆஃபீஸ் லேப்டாப்னா ஐடி டிபார்ட்மென்ட் கிட்ட இருக்கும். அந்த கீ இல்லன்னா லேப்ல கொடுத்தும் ஒண்ணும் ஆகாது, அதனால காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி கீயைத் தேடி எடுத்துடுங்க. இதைப் படிக்கிற உங்க லேப்டாப் நல்லா ஓடிட்டு இருக்குன்னா இன்னைக்கே அந்த கீயை பேப்பர்ல எழுதி வைங்க.

எஸ்எஸ்டின்னா கதை வேற

எஸ்எஸ்டின்னா தட்டுக்குப் பதிலா மெமரி சிப்ல டேட்டா வைக்கிற புது வகை டிஸ்க், அதுல சுத்துற தட்டும் இல்ல, சத்தமும் இல்ல, முன்னறிவிப்பு கூட பெரும்பாலும் இருக்காது, உள்ள இருக்கிற கண்ட்ரோலர் சிப் போனா ஒரே நொடில மொத்தமா காணாம போயிடும். சிலது வேற மாதிரி, எழுத மட்டும் விடாது, படிக்க விடும், அப்படி மாட்டிக்கிட்டா அது கொடுத்த வாய்ப்பு, உடனே எல்லாத்தையும் காப்பி பண்ணிடுங்க. திடீர்னு கரண்ட் கட் ஆனதுக்கு அப்புறம் பயாஸ்ல காணாம போன எஸ்எஸ்டிக்கு ஒரு எளிய வழி உண்டு, சார்ஜர் மாட்டி பயாஸ் ஸ்க்ரீன்லயே 20 நிமிஷம், அரை மணி நேரம் சும்மா விட்டுட்டு, ஆஃப் பண்ணி அரை நிமிஷம் கழிச்சு திரும்பவும் ஒரு தடவை அப்படியே செய்யணும், உள்ள இருக்கிற கணக்கு அட்டவணையை அது தானே சரி பண்ணிக்கிட்டு திரும்பி வர வாய்ப்பு இருக்கு. வந்தா முதல் வேலை காப்பி, மறுபடி அதை நம்பாதீங்க.

அழிச்ச ஃபைல் விஷயத்துல எஸ்எஸ்டி ரொம்ப கறார். ஹார்ட் டிஸ்க்ல டெலிட் பண்ணது மேல எழுதுற வரைக்கும் கிடக்கும், எஸ்எஸ்டில டிரிம்னு ஒரு ஏற்பாடு காலியான இடத்தை உடனே துடைச்சுடச் சொல்லும், அதனால தப்பா ஃபார்மேட் பண்ணிட்டீங்கன்னா அந்த நொடியே ஆஃப் பண்றது தான் ஒரே நம்பிக்கை, அதுவும் சின்ன நம்பிக்கை. மேக்புக்ல 2018ல இருந்து வந்த டி2 சிப் மாடலும், அதுக்கு அப்புறம் வந்த எம் சீரிஸும் டேட்டாவை அந்த போர்டுல இருக்கிற சிப்போட கட்டி என்க்ரிப்ட் பண்ணி வெச்சிருக்கும், மெமரி சிப்பை மட்டும் கழட்டி எடுத்துப் பிரயோஜனம் இல்ல, அதே போர்டை உயிர்ப்பிச்சா தான் டேட்டா. அதனால போர்டையே புதுசா மாத்தித் தர்றோம்னு சர்வீஸ்ல சொன்னா, டேட்டா வேணும்னா சரின்னு சொல்லிடாதீங்க, போர்டு லெவல் ரிப்பேர் பண்றவங்களை முதல்ல பாருங்க.

லேப்ல கொடுக்கும் போது

வாரண்டில இருக்குன்னு நேரா சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய்க் கொடுக்காதீங்க. வாரண்டி டிஸ்க்குக்குத் தான், உள்ள இருக்கிற டேட்டாவுக்கு இல்ல. புது டிஸ்க் போட்டுட்டு பழசை அவங்களே எடுத்துக்குவாங்க, அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. டேட்டா எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் வாரண்டிக்குப் போங்க, டிஸ்க்கைத் தொறந்தா வாரண்டி போகுமான்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க. ஒண்ணும் வழி இல்லாம லேப்டாப்பையே கொடுக்கறதா இருந்தாலும் "டிஸ்க்கைத் தொடக் கூடாது, ஃபார்மேட் பண்ணக் கூடாது"ன்னு ஜாப் ஷீட்லயே எழுதி வாங்குங்க, வாய்ல சொன்னா போதாது.

டேட்டா ரெக்கவரி லேப்னு போர்டு வெச்சிருக்கிற எல்லாரும் லேப் இல்ல, சிலர் நீங்க வீட்ல ஓட்டக்கூடிய அதே சாஃப்ட்வேரைத்தான் ஓட்டுவாங்க, அதையும் நேரா கெட்ட டிஸ்க் மேலயே. அதனால கேளுங்க: முதல் பரிசோதனைக்குக் காசு உண்டா, டேட்டா வரலன்னா கட்டணம் உண்டா, டிஸ்க்கை இங்கயே தொறக்கறீங்களா வேற ஊருக்கு அனுப்பறீங்களா, க்ளீன் ரூம் இருக்கா, வேலை ஆரம்பிக்கிற முன்னாடி முழு நகல் எடுப்பீங்களா, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கிடைச்ச ஃபைல் லிஸ்ட்டைக் காட்டுவீங்களா, வேணாம்னு சொன்னா டிஸ்க்கை அப்படியே திருப்பித் தருவீங்களா, எடுத்த டேட்டாவோட நகலை எத்தனை நாள்ல அழிப்பீங்க. நேர்மையானவங்க இதுக்கு எல்லாம் எரிச்சல் படாம பதில் சொல்லுவாங்க. பாக்கறதுக்கு முன்னாடியே நூறு சதவீதம் எடுத்துடலாம்னு சொல்றவங்க கிட்ட இருந்து டிஸ்க்கை வாங்கிட்டு வந்துடுங்க. முதல்ல கொடுக்கிற இடமே சரியான இடமா இருக்கணும், நாலு கை மாறி வர்ற டிஸ்க்ல ஒவ்வொரு கையும் கொஞ்சம் கெடுத்திருக்கும். கொடுக்கும் போது நீங்க என்னென்ன செஞ்சு பாத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, எந்த ஃபோல்டர் முக்கியம்னும் சொல்லுங்க, அவங்க அந்தப் பகுதியை முதல்ல எடுக்க முயற்சி பண்ணுவாங்க.

புது டிஸ்க் போட்ட அன்னைக்கே

விண்டோஸ் ஏத்தி முடிச்ச கையோட பேக்கப் ஏற்பாட்டையும் முடிச்சுடுங்க, அப்புறம்னு தள்ளினா மறந்துடும். 3-2-1ன்னு ஒரு கணக்கு உண்டு, பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பரவலாக்கினது, மொத்தம் மூணு பிரதி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வீட்டுக்கு வெளிய. நடைமுறைல லேப்டாப், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒரு க்ளவுட், அவ்வளவு தான். விண்டோஸ்ல ஃபைல் ஹிஸ்டரி, மேக்ல டைம் மெஷின் ரெண்டும் உள்ளயே இருக்கு, ஆன் பண்ணி விட்டா தானா ஓடும். க்ளவுட் சிங்க் மட்டும் போதும்னு நெனைக்காதீங்க, இங்க அழிச்சா அங்கயும் அழியும், இங்க வைரஸ் பூட்டினா பூட்டின ஃபைல் தான் அங்க ஏறும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்பவும் சொருகியே வைக்காதீங்க, பேக்கப் முடிஞ்சதும் கழட்டி வைங்க, லேப்டாப்போட ஒரே பைல போட்டுத் தூக்கிட்டுப் போகாதீங்க. அப்பப்ப அதுல இருந்து ஏதாவது ரெண்டு மூணு ஃபைலை எடுத்துத் தொறந்து பாருங்க, தொறக்காத பேக்கப்பை நம்பி உக்காந்திருந்தவங்க வேதனையை நான் நேர்ல பாத்திருக்கேன்.

டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு பாக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி இலவச டூல் போதும், டிஸ்க் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் விவரத்தைக் காட்டும். அதுல 5ஆம் நம்பர் ரீஅலொகேட்டட் செக்டர், 197 பெண்டிங் செக்டர், 198 சரி பண்ண முடியாத செக்டர், இந்த மூணும் பூஜ்ஜியமா இருக்கணும், ஏற ஆரம்பிச்சா டிஸ்க் மாத்துற நேரம் வந்தாச்சு. 199 ஏறினா டிஸ்க்கை விட கேபிளைச் சந்தேகப்படுங்க. ஆனா எல்லாம் பச்சையா இருக்குன்னு நிம்மதியா தூங்கிடாதீங்க. 2007ல கூகுள் தன் கிட்ட இருந்த ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்கை வெச்சு செஞ்ச ஆய்வுல, முதல் ஸ்கேன் எரர் (டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும் போது காட்டுற பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாள்ல சாகிற வாய்ப்பு எரர் வராததை விட 39 மடங்குன்னு வந்துச்சு, அதே ஆய்வுல செத்த டிஸ்க்ல பாதிக்கு மேல முக்கியமான நாலு ஸ்மார்ட் எண்ணுலயும் ஒரு எச்சரிக்கையும் காட்டாமலே செத்திருந்துச்சு. எச்சரிக்கை வந்தா நம்புங்க, வரலங்கறதை மட்டும் நம்பாதீங்க.

எடுக்க முடியாமப் போச்சுன்னா

லேப்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க, இல்ல அவங்க சொன்ன தொகை இப்ப கைல இல்ல, ரெண்டும் நடக்கும். வீட்ல இருக்கிறவங்க "ஒரு பேக்கப் எடுத்து வெச்சிருக்கலாம்ல"ன்னு கேக்கறது அந்த நேரத்துல ரொம்ப வலிக்கும், இதைப் படிக்கிறவங்க பக்கத்துல யாருக்காவது இப்படி ஆயிருந்தா அந்தக் கேள்வியை மட்டும் கேக்காதீங்க, அவங்க அதை ஏற்கனவே நூறு தடவை தனக்குத் தானே கேட்டிருப்பாங்க. என்னென்ன போச்சுன்னு எழுதின அந்தப் பேப்பரை வெச்சு உக்காந்து கூட உதவுங்க, யார் யார் போன்ல அந்தப் படம் இருக்கும்னு கேட்டு வாங்கிக் கொடுங்க.

டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க. தொகை தான் தடைன்னா, ஹார்ட் டிஸ்க் வகை அவசரப்படுத்தாது, ஆன் பண்ணாம இருக்கிற வரைக்கும் தட்டுல எழுதினது வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். ஆன்டி ஸ்டேட்டிக் கவர்ல போட்டு, ஈரம் படாத, சூடு படாத இடத்துல, மேல மாடல் பேரும் எப்படிக் கெட்டுச்சுங்கறதும் எழுதி ஒட்டி வைங்க, ஆறு மாசம் கழிச்சோ ரெண்டு வருஷம் கழிச்சோ காசு சேந்ததும் கொடுக்கலாம். எஸ்எஸ்டிக்கு அந்த சலுகை இல்ல, பவர் இல்லாம ரொம்ப நாள் கிடந்தா அதுல இருக்கிற சார்ஜ் மெல்லக் கசியும், அதனால அதை மட்டும் ரொம்பத் தள்ளிப் போடாதீங்க.